தூரா, கதிரா, நாளா: எதைப் பார்த்து நெல் ரகம் தேர்வது?

பாமணி | 17.6.2025, இரவு

நேரா விஷயத்துக்கு வர்றேன். நீடாமங்கலம் பக்கம் போர் தண்ணியில மே மாசமே முன்பட்டக் குறுவை விட்டாச்சு. ஒரு பக்கம் கோ 51, ஒரு பக்கம் ஏடிடி 43. வேளாண்மை படிக்கிற தங்கச்சி ஒரு ஆய்வேடு வீட்டுக்குக் கொண்டுவந்துச்சு. அதுல ஒரு அட்டவணை. ஒரு செடியோட விளைச்சலுக்கும் கதிர் பிடிக்கிற தூர் (அடியிலேர்ந்து கிளைக்கிற தண்டு) எண்ணிக்கைக்கும் நேர் ஒட்டுறவு, அதாவது ஒண்ணு ஏறினா மத்ததும் ஏறுது, பக்கத்துல ரெண்டு நட்சத்திரம் வேற. அப்ப வருஷா வருஷம் தூர் அதிகமா வெடிச்ச குத்தா (ஒரே இடத்துல நட்ட நாத்து) பார்த்து விதை எடுத்தா விளைச்சல் தானா ஏறணும்ல? இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி நிலையத்துல வருஷக்கணக்கா உழைக்கிறாங்க?

குடமுருட்டி | 17.6.2025, இரவு

ஏறாது. ஏடிடி 43 தூய வரிசை. தன் மகரந்தத்தில் தானே காய்க்கிற பயிர். பதினைந்து தூர் வெடித்த குத்தும் ஏழோடு நின்ற குத்தும் மரபில் ஒன்றுதான். எரு விழுந்த இடம், நாற்று எண்ணிக்கை, பக்கத்துக் குத்து செத்துப்போனது, இப்படி ஏதாவதுதான் வேறுபாட்டுக்குக் காரணம். டென்மார்க்கின் ஜோஹான்சன் 1903-லேயே பீன்ஸ் விதையை வைத்து இதைக் காட்டிவிட்டார்: தூய வரிசைக்குள் பெரிய விதையாகப் பொறுக்கி விதைத்தாலும் அடுத்த தலைமுறையின் சராசரி அசையவில்லை.

கலப்பு போக்க விதை எடு, அது வேறு. விளைச்சல் ஏற்ற என்றால் வீண்வேலை.

குடமுருட்டி | 18.6.2025, காலை

நேற்று எழுதியது பாதி பதில். பாமணி கேட்டதில் இன்னொரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது: ஒரே ரகத்துக்குள் வேண்டாம், பல ரகங்களை ஒட்டுக் கட்டி (ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் பூவில் சேர்த்து), பண்புகள் பிரிந்து வரும் தலைமுறையில் தூர் அதிகமுள்ள செடிகளாகவே எடுத்துக்கொண்டு போனால்?

முதலில் கணக்கு. நம் ஊர்க் கணக்காகவே போடுகிறேன். சதுர மீட்டருக்கு 50 குத்து, குத்துக்கு 7 கதிர், ஆக 350 கதிர். கதிருக்கு 100 மணி என்றால் 35,000. அதில் நூற்றுக்கு 80 முற்றினால் 28,000 மணி. சன்ன ரகத்தில் ஆயிரம் மணி 16 கிராம் என்று வைத்தால் 448 கிராம். ஏக்கருக்குச் சுமார் 1,810 கிலோ, 60 கிலோ மூட்டையில் 30. மூன்று மா ஒரு ஏக்கர், ஆக மாவுக்குப் பத்து மூட்டை. சுமாரான வருஷத்தில் நாம் எடுப்பது அதுதானே.

இந்த நாலு எண்ணையும் பெருக்கினால் விளைச்சல். எனவே எந்த ஒன்றைக் கூட்டினாலும் விளைச்சல் கூடும் என்று தோன்றும். மற்ற மூன்றும் அசையாமல் நின்றால் கூடும். நிற்பதில்லை. 7 கதிரை 9 ஆக்கு, 450 கதிர். கதிருக்கு 78 மணியாக இறங்கினால் அதே 35,000. ஒரு பானைச் சோற்றுக்குப் பந்தியில் இலையைக் கூட்டிப் போட்டால் இலைக்கு விழுவது குறையும், அவ்வளவுதான். பயிருக்குப் பானை என்பது இலை பிடிக்கிற வெயிலும் வேர் இழுக்கிற தழைச்சத்தும்.

அரசலாறு | 18.6.2025

எங்க சித்தப்பா பார்முலா தனி. "தூர் நல்லா இருந்தா உரக்கடைக்காரன் சந்தோஷப்படுவான், கதிர் நல்லா இருந்தா மெஷின்காரன் சந்தோஷப்படுவான், நாம எப்ப சந்தோஷப்படுறது?"

பாமணி | 19.6.2025

அண்ணே, கணக்கு புரியுது. ஆனா அப்படி ஒண்ணு ஏறினா ஒண்ணு இறங்கும்னா, அட்டவணையில தூருக்கும் கதிர்மணிக்கும் எதிர்மறையா வரணும்ல? தங்கச்சி காட்டுனதுல ரெண்டும் நேர்மறைதான்.

குடமுருட்டி | 21.6.2025

இந்தக் கேள்விதான் எனக்குப் பிடித்தது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

உன் வயலில் வாய்மடைக்குப் போ. தண்ணீர் நுழைகிற இடத்தில் வண்டல் படிந்திருக்கும், உரமும் கரைந்து அங்கே தேங்கும். அங்கே ஒரு குத்தைப் பிடுங்கிக் கழுவிப் பார். தூர் அதிகம். கதிரும் பெரிசு. மணியும் திரட்சி. பிறகு மேட்டு மூலையில் ஒரு குத்து. தூரும் குறைவு, கதிரும் சின்னது. இரண்டையும் ஒரு தாளில் புள்ளி வைத்தால் தூர் ஏறினால் கதிரும் ஏறுகிறது. மரபு ஒன்றே, ரகம் ஒன்றே. ஏற்றியதும் இறக்கியதும் மண்.

சோதனை வயலில் அளக்கிற ஒட்டுறவில் இரண்டு ஓட்டங்கள் கலந்து கிடக்கின்றன. ஒன்று மண்ணும் நீரும் கொடுத்தது: எல்லாப் பண்பையும் ஒன்றாகத் தூக்கும், ஒன்றாக இறக்கும். மற்றது மரபணு கொடுத்தது: தூர் கூடுகிற மரபு கதிரைச் சிறுக்கவைக்கும். வயலில் கண்ணுக்குத் தெரிவது இரண்டின் கூட்டு. மண் வேறுபாடு பெரிதாக இருந்தால் நேர்மறையாகவே தெரியும், அடியில் மரபு எதிர்த்திசையில் இழுத்தாலும்.

ஒரே ரகத்தைப் பல பாத்தியில் திரும்பத் திரும்ப நடுவது அதனால்தான். பாத்திக்குப் பாத்தி மாறுவதை மண் கணக்கில் எழுதிக் கழித்துவிட்டு, ரகத்துக்கு ரகம் மாறுவதை மட்டும் எடுத்தால் கிடைப்பது மரபு ஒட்டுறவு. தங்கச்சியிடம் கேள்: அந்த அட்டவணை புறத்தோற்ற ஒட்டுறவா (மண்ணும் மரபும் கலந்தது), மரபு ஒட்டுறவா? இரண்டையும் தனித்தனி அட்டவணையாகப் போட்டிருப்பார்கள். ஒன்றை மட்டும் போட்டோ எடுத்திருப்பாய்.

இன்னொரு வஞ்சகம் இடைவெளி. ஒட்டுக் கட்டிய இரண்டாம் தலைமுறையில் ஒவ்வொரு செடியும் தனி ஆள் என்பதால் ஒற்றை நாற்றாக, அகலமாக நடுவார்கள். அங்கே தூர் வெடிக்கிற செடிதான் ராஜா, அதற்குத்தான் இடம் இருக்கிறது. அதே செடியின் பிள்ளைகளை 15-க்கு 10 சென்டிமீட்டரில் நெருக்கி நட்டால் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டு பாதித் தூர் கதிர் விடாமலே காய்ந்துபோகும். கூட்டத்தில் நன்றாக விளைவது பக்கத்துச் செடியோடு சண்டை போடாத செடிதான் என்று டொனால்டு 1968-ல் கோதுமையை வைத்து எழுதினார். தனிச்செடியில் கெட்டிக்காரன் கூட்டத்தில் கெட்டிக்காரனாக இருக்கவேண்டும் என்று கட்டாயமில்லை. (வீட்டுக் கல்யாணங்களில் இதைப் பார்த்திருப்பாய்.)

குடமுருட்டி | 21.6.2025, மறுபடி

ஒன்று விட்டுப்போயிற்று. "ஒரு செடியின் விளைச்சல்" என்பதில் தூர் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. முழுமையை அதன் பகுதியோடு ஒப்பிட்டால் ஒட்டுறவு வராமல் என்ன செய்யும்? விகிதங்களை ஒப்பிட்டாலும் இதே கோளாறுதான். அறுவடைக் குறியீடு என்பது மணியின் எடையை மொத்தப் பயிரின் எடையால் வகுத்தது. அதை மணி எடையோடு ஒப்பிட்டால் பாதி உறவு கணக்கிலேயே பிறந்தது. கார்ல் பியர்சன் 1897-ல் எச்சரித்த விஷயம். இன்றும் அட்டவணை தவறாமல் வருகிறது.

அரசலாறு | 22.6.2025

ரெண்டு நட்சத்திரம்னா ஐ.எஸ்.ஐ. முத்திரை மாதிரி இல்லையா? நான் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருந்தேன்.

குடமுருட்டி | 22.6.2025

நட்சத்திரம் என்பது உறவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதற்கான குறி, அவ்வளவுதான். 30 ரகம் வைத்த சோதனையில் ஒட்டுறவு எண் (முழு உறவுக்கு 1) 0.361-ஐத் தொட்டால் ஒரு நட்சத்திரம், 0.463-க்கு இரண்டு. 0.463-ஐ அதே எண்ணால் பெருக்கு: 0.21. விளைச்சல் ஏன் மாறுகிறது என்பதில் ஐந்தில் ஒரு பங்குக்குத்தான் அந்தப் பண்பு கணக்குச் சொல்கிறது. மீதி நாலு பங்குக்கு நட்சத்திரம் பதில் சொல்லாது.

குடமுருட்டி | 2.7.2025

பாதைப் பகுப்பாய்வு பற்றிப் பாமணி தனியாகக் கேட்டிருந்தார். பொதுவிலேயே போடுகிறேன்.

சூவல் ரைட் 1921-ல் கொடுத்த வழி. கினிப்பன்றிகளை வைத்து மண்டையை உடைத்துக்கொண்டவர். பயிருக்கு அதைக் கொண்டுவந்தது 1959-ல் டூவியும் லூவும், ஒரு மேய்ச்சல் புல்லின் விதை மகசூலுக்காக. ஒட்டுறவை இரண்டாகப் பிரிப்பதுதான் வேலை: இந்தப் பண்பு நேராக விளைச்சலுக்குக் கொடுத்தது எவ்வளவு, வேறு பண்பு வழியாகச் சுற்றி வந்தது எவ்வளவு. உயரமான செடி அதிகம் விளைந்ததாகக் காட்டும். பிரித்துப் பார்த்தால் உயரம் நேராகக் கொடுத்தது ஒன்றுமிருக்காது, உயரமான ரகம் நாள் அதிகம் நின்றது, நாள் கொடுத்தது அந்த விளைச்சல்.

கருவி நல்ல கருவி. நம் ஊரில் ஆய்வேடு என்றாலே ஒட்டுறவு ஓர் அத்தியாயம், பாதை ஓர் அத்தியாயம் என்று அச்சு வார்த்துவிட்டார்கள். முடிவுரையில் "கதிர் எண்ணிக்கை, கதிர் மணி எண்ணிக்கை ஆகியவற்றின் அடிப்படையில் தேர்வு செய்யலாம்" என்று ஒரு வரி. சாப்பாட்டுக்கு அரிசி தேவை என்று கண்டுபிடித்தமைக்குப் பட்டம். நானும் அப்படி ஒன்று எழுதித்தான் பட்டம் வாங்கினேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன்.

உண்மையில் உதவுவது தேர்வுக் குறியீடு. பேர்ஃபீல்டு ஸ்மித் 1936-ல் கோதுமைக்குப் போட்டது. ஒரு பண்பைத் தூக்கிக்கொண்டு ஓடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பு கொடுத்துக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைப் பார்த்துத் தேர்வது. நிலையத்தில் அனுபவமுள்ளவர்கள் பேனா எடுக்காமலே மனத்தில் இதைச் செய்வார்கள். பாத்தி ஓரம் நடந்துபோய் ஒரு வரிசையைத் தொட்டு "இது வேண்டாம், அடி பலமில்லை" என்பார்கள்.

பாமணி | 5.7.2025

சரி, மரபே எதிர்த்திசையில இழுக்குதுன்னு சொன்னீங்க. அது என்ன, ஒரே மரபணு ரெண்டு வேலை பார்க்குதா? இல்ல ரெண்டு மரபணு பக்கத்துப் பக்கத்துல இருந்து கூட்டா வருதா?

குடமுருட்டி | 6.7.2025

இரண்டும் உண்டு. முதல் வகைக்குப் பள்ளிப் புத்தகத்தில் பிளியோட்ரோப்பி, இரண்டாவதுக்குப் பிணைப்பு. வளர்ப்பாளருக்கு இது வாழ்வா சாவா கேள்வி. பிணைப்பு என்றால் ஆயிரக்கணக்கில் செடி வளர்த்துக் குறுக்கேற்றம் (குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வது) நடந்த ஒன்றைப் பிடித்துப் பிரித்துவிடலாம். ஒரே மரபணு என்றால் எத்தனை செடி வளர்த்தாலும் பிரியாது.

தூர்-கதிர் முடிச்சுக்கு நல்ல உதாரணம் ஐபிஏ1 என்ற மரபணு. எட்டாம் குரோமோசோம். 2010-ல் ஒரே நேரத்தில் சீனாவிலும் ஜப்பானிலும் இரண்டு குழுக்கள் கண்டார்கள். இந்த மரபணு அதிகம் வேலை செய்தால் வீண் தூர் குறையும், தண்டு தடிக்கும், கதிர் கிளைத்துப் பெரிதாகும். குறைந்தால் தூர் பெருகும், கதிர் சிறுக்கும். முடிச்சு ஒரே இடத்தில் விழுந்திருக்கிறது, இது பிளியோட்ரோப்பி.

ஜிஎன்1ஏ இன்னொன்று, முதல் குரோமோசோம், 2005. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியை உடைக்கிற நொதியை இது தயாரிக்கிறது. அந்த நொதி குறைந்தால் கதிர் உருவாகும் குருத்தில் ஊக்கி தங்கும், மணி எண்ணிக்கை கூடும். அதைக் கண்ட ஜப்பானியக் குழு கையோடு குட்டை மரபணு எஸ்டி1-ஐயும் சேர்த்தே கொஷிஹிகாரி ரகத்தில் ஏற்றியது. மணி கூடினால் கதிர் கனக்கும், கனத்தால் சாயும் என்று தெரியும் அவர்களுக்கு.

ஜிஎச்டி7, 2008. ஒரே மரபணு மூன்று பண்பு: பூக்கும் நாள், உயரம், கதிர் மணி. வேகமாக வேலை செய்தால் பூ தள்ளிப்போகும், செடி உயரும், மணி கூடும். இதன் ஆட்டம் பகல் நீண்ட ஊர்களில்தான் பெரிது. நமக்கு ஆனி மாதத்திலும் பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதனால் சீன அட்டவணையை அப்படியே தஞ்சாவூரில் ஒட்டக்கூடாது.

அடப்பாறு | 9.7.2025

கடைமடையிலேர்ந்து எழுதுறேன், தலைஞாயிறு. மேட்டூர்ல ஜூன் 12 திறந்தாச்சுன்னு டி.வி.ல பார்த்தோம், தண்ணி வந்து சேர்றது தனிக்கதை. நீங்க தூர், மணின்னு பேசுறீங்க. எங்களுக்கு விளைச்சல்னா பூக்குற நேரத்துல தண்ணி இருந்துச்சா இல்லையாங்கிறதுதான். அதுக்கு மரபுல ஏதாச்சும் இருக்கா?

குடமுருட்டி | 10.7.2025

இருக்கிறது. பிணைப்புக்கும் உதாரணம் அதிலேயே கிடைக்கிறது.

1966-ல் ஐஆர் 8 வந்தது. பீட்டா என்ற உயரமான ரகமும் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற தைவான் குட்டையும் சேர்ந்த பிள்ளை. குட்டையாக்கியது எஸ்டி1. வைக்கோலுக்குப் போனது மணிக்குத் திரும்பியது, உரம் போட்டாலும் சாயவில்லை. நாம் இன்று நடுகிற குட்டை ரகம் பெரும்பாலானவற்றில் அந்த எஸ்டி1 இருக்கிறது.

எஸ்டி1-க்குப் பக்கத்து வீடு, முதல் குரோமோசோமிலேயே, கியூடிடிஒய்1.1 என்ற பகுதி. நகினா 22 போன்ற பழைய ரகங்களில் இந்தப் பகுதி வறட்சியில் விளைச்சலைக் காக்கிறது. உயரமும் வறட்சித் தாங்கலும் ஒன்றாகவே வந்துகொண்டிருந்ததால் உயரமான செடிதான் வறட்சி தாங்கும், அது இயற்கை என்றே பலர் நினைத்தார்கள். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் நெருக்கமாகப் பார்த்தபோது இரண்டும் வேறு, அருகருகே இருப்பவை என்று தெரிந்தது. குறுக்கேற்றம் நடந்த வரிசைகளைப் பிடித்துக் குட்டையாகவும் வறட்சி தாங்குவதாகவும் எடுத்தார்கள். ஆக, குட்டையைத் தேர்ந்தெடுத்த கைகள் அறியாமலே அந்த மண்டலத்திலிருந்த வறட்சிக் காப்பையும் வெளியே தள்ளியிருக்கின்றன. யாரும் வறட்சி தாங்காத ரகம் வேண்டும் என்று தேடவில்லை, உயரம் வேண்டாம் என்றார்கள், பக்கத்து வீட்டுக்காரரும் சேர்ந்து போய்விட்டார்.

கடைமடைக்கு இது நேரடித் தீர்வு என்று சொல்லமாட்டேன். வாய்க்கால் தூர் வாரினால் மரபணுவை விட வேகமாகப் பலன் தெரியும்.

அடப்பாறு | 10.7.2025

இந்த இழையிலேயே உருப்படியான தூர் அதுதான்.

குடமுருட்டி | 20.7.2025

பெரிய கதிர் பற்றி எழுதவேண்டும் என்று இருந்தேன். பிலிப்பைன்ஸில் சர்வதேச நிலையம் 1989 வாக்கில் புதிய பயிர் வடிவம் என்று ஒரு திட்டம் தொடங்கியது. தூர் எல்லாம் வேண்டாம், குத்துக்கு மூன்று நாலு போதும், எல்லாமே கதிர் பிடிக்கவேண்டும், கதிருக்கு 200 முதல் 250 மணி, தண்டு கெட்டி. காகிதத்தில் பிரமாதம். நெல்லின் இரு பெரும் இனங்களில் ஒன்றான ஜப்பானிகாவின் வெப்பமண்டல வகைகளிலிருந்து கட்டினார்கள். வடிவம் கேட்டபடியே வந்தது. முதல் தலைமுறை வரிசைகள் வயலில் ஏமாற்றின. மொத்தப் பயிர் எடை போதவில்லை, மணியும் நிரம்பவில்லை. பிறகு மற்ற இனமான இண்டிகாவின் நல்ல ரகங்களோடு கலந்த இரண்டாம் தலைமுறையில்தான் நிமிர்ந்தார்கள்.

ஏன் நிரம்பவில்லை என்பதை உங்கள் வயலிலேயே பார்க்கலாம். முற்றிய கதிர் ஒன்றைக் கையில் நீட்டிப் பிடியுங்கள். நுனிப்பக்கத்து முதன்மைக் கிளைகளின் மணி முதலில் பூத்தது, அது முதலில் பால் இழுத்துக்கொள்ளும், பொன் நிறம். அடிப்பக்கம், கழுத்துக்கு மேலே, கிளையிலிருந்து கிளைத்த சிறுகிளைகளில் இருப்பவை கடைசியில் பூத்தவை. ஒரு மணியை நகத்தால் அழுத்தினால் உமி உள்வாங்கும், உள்ளே ஒன்றுமில்லை. இன்னொன்றில் அரிசி பாதி, ஒரு பக்கம் மட்டும், சுண்ணாம்பு வெள்ளை. கருக்காய். கதிரைப் பெரிதாக்கும் மரபணு எதுவானாலும் அது கூட்டுவது பெரும்பாலும் இந்தச் சிறுகிளை மணிகளைத்தான். எண்ணிக்கை ஏறும், நிரம்பும் விகிதம் இறங்கும். மணி எண்ணிக்கைக்கும் முற்றிய மணி சதவீதத்துக்கும் எதிர்மறை ஒட்டுறவு என்று அட்டவணையில் காய்ந்து கிடக்கும் எண் இதுதான்.

சம்பாவில் இது இன்னும் மோசம். நம் பயிர் பால் பிடிப்பது மார்கழி. காலை ஒன்பது வரை பனி, பிறகும் மூட்டம். குறுவைப் பயிர் அதே வேலையை ஆவணி வெயிலில் செய்கிறது.

குடமுருட்டி | 3.8.2025, ஆடிப்பெருக்கு

காலையிலேயே கரைக்குப் போகாமல் போனில் என்ன எழுத்து என்று வீட்டில் அர்ச்சனை. சுருக்கமாக.

அரசலாறு கமலா என்ற புது நெல் பற்றிக் கேட்டார். 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் அறிவித்த இரண்டு மரபணுத் திருத்த நெல்களில் ஒன்று, அதன் இன்னொரு பெயர் 'டிஆர்ஆர் தான் 100'. ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனம் செய்தது. அடிப்படை ரகம் சம்பா மசூரி, அதாவது நம் பிபிடி 5204. திருத்தியது மேலே சொன்ன ஜிஎன்1ஏ-யைத்தான். அறிவிப்பில் விளைச்சல் 19% கூடுதல், நாள் 20 குறைவு என்கிறார்கள். விதை இன்னும் நம் கைக்கு வரவில்லை. சோதனை முடிவுகள் குறித்து வெளியே வாக்குவாதமும் நடக்கிறது.

எனக்கு உறுத்துவது இதுதான். மணி எண்ணிக்கை கூடவேண்டியது நியாயம், அந்த மரபணுவின் வேலை அது. நிரம்புமா? அதுவும் 20 நாள் குறைத்துக்கொண்டு? நிரம்பினால் ஒரே கல்லில் இரண்டு முடிச்சு அவிழ்ந்தது. நம் டெல்டாவில் மார்கழி மூட்டத்தில் இரண்டு வருஷம் நிற்கட்டும், கருக்காயை ஊதிப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

குடமுருட்டி | 4.8.2025

நேற்று அவசரத்தில் ஒரு கிளைக்கதையைத் தவறவிட்டேன். பிபிடி 5204-இன் பெற்றோரில் ஒன்று ஜிஇபி 24, 1921-ல் கோயம்புத்தூர் நெல் நிலையத்தில் வெளியானது, நம் பெரியவர்களுக்குக் கிச்சிலி சம்பா. அதே ஜிஇபி 24 ஜப்பானின் நோரின் 10-ஓடு சேர்ந்த பிள்ளைதான் 1965-ல் ஆடுதுறையிலிருந்து வந்த ஏடிடி 27. தஞ்சாவூர்க் குறுவையை ஒரு காலத்தில் ஆண்ட ரகம். கோயம்புத்தூரில் கிளம்பி ஆடுதுறை, பாபட்லா வழியாக ஐதராபாத்தில் மரபணுக் கத்திரிக்கோல் வரை ஒரே குடும்பம்.

முடிச்சை அவிழ்ப்பது முடியாத காரியமில்லை என்பதற்கும் ஒரு சேதி. ஐபிஏ1 பிரியாது என்று எழுதியிருந்தேன், மரபணு அளவில் அது சரிதான். ஆனால் மரபணுவுக்கு முன்னால் அதை எங்கே, எப்போது, எவ்வளவு முடுக்குவது என்று தீர்மானிக்கும் பகுதி ஒன்று உண்டு. சீனாவில் ஜியாயாங் லி குழு அந்தப் பகுதியைத் துண்டு துண்டாக நீக்கிப் பார்த்து, 54 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள ஒரு துண்டைக் கண்டார்கள். அதை நீக்கிய வரிசையில் கதிரும் பெருத்தது, தூரும் குறையவில்லை. 2022-ல் வெளியானது. முடிச்சு மரபணுவில் இல்லை, முடுக்கும் இடத்தில் இருந்திருக்கிறது.

பாமணி | 22.8.2025

அண்ணே, இவ்வளவும் படிச்ச பிறகு குழப்பம்தான் கூடுச்சு. விவசாயியா நான் எந்த உறவைப் பார்க்கணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

குடமுருட்டி | 24.8.2025

நாளுக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு. டெல்டாவில் வேறு எதுவும் அதற்கு அடுத்துதான்.

நம் வெப்பத்தில் எந்த ரகமானாலும் கதிர் உருவாவதிலிருந்து பூக்க ஏறக்குறைய 35 நாள், பூத்ததிலிருந்து முற்ற 30 நாள். இந்த 65 பெரிதாக மாறாது. 110 நாள் ரகத்துக்கு மீதி 45 நாள், 155 நாள் சம்பா ரகமான சிஆர் 1009-க்கு மீதி 90 நாள். ரகத்துக்கு ரகம் நாள் வித்தியாசம் முழுக்கத் தூர் வெடித்து இலை விடுகிற காலத்தில்தான். முதலில் அந்த நாள்கள் லாபம்: இலை கூடும், பயிர் எடை கூடும். ஓர் அளவுக்குப் பிறகு கூடுதல் நாளில் முளைக்கும் தூர் நிழலில் செத்துவிடும், வைக்கோல்தான் மிச்சம். வெப்பமண்டலத்தில் 120 நாளைச் சுற்றியே அந்த அளவு வந்துவிடுகிறது.

பழைய காலத்தில் நாள் கூடினால் விளைச்சல் கூடும் என்ற ஒட்டுறவு பலமாக இருந்தது. இன்று குறுவையின் 110 நாள் ரகம் வெயிலில் நிரம்பிச் சம்பாவுக்குச் சமமாகவோ மேலாகவோ அடிக்கிறது. அப்படியானால் சிஆர் 1009 ஏன் இன்னும் நிற்கிறது? அதன் நாள் விளைச்சலுக்காக இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம்பயிராக நின்று தாங்கி, மழை ஓய்ந்த தையில் அறுவடைக்கு வருகிறது. நடுவே வெள்ளம் முக்கினால் பூப்பதற்கு முன் தேறிக்கொள்ள நேரமும் உண்டு. அட்டவணையில் இந்தப் பத்தி வராது.

பாமணி | 8.9.2025

அறுத்தாச்சு. ஏடிடி 43 மாவுக்குப் பதினொண்ணு, கோ 51 அதைவிட ஒண்ணு கூட. அப்பா ஒரே பிடிவாதம், அடுத்த குறுவைக்கு ஏஎஸ்டி 16 மாதிரி குண்டு ரகம்தானாம், "மணி குண்டா இருந்தா எடை நிக்கும்"னு.

குடமுருட்டி | 9.9.2025

அப்பா சொல்வது பாதி கணக்கு. சதுர மீட்டருக்கு அந்த 448 கிராமை எடுக்க 16 கிராம் ரகத்துக்கு 28,000 முற்றிய மணி வேண்டும். ஏஎஸ்டி 16-இல் ஆயிரம் மணி 24 கிராம் வரும், 18,700 போதும். ஆனால் குண்டு ரகம் மணியைக் குறைத்துத்தான் விடும். மணி எடைக்கும் எண்ணிக்கைக்கும் எதிர்மறை இங்கேயும் உண்டு. ஒரு வசதி: மணியின் அளவை உமியின் அளவு கட்டிவிடுகிறது. நீளத்துக்கு ஜிஎஸ்3, அகலத்துக்கு ஜிடபிள்யூ2 என்று மரபணுக்கள் அதைத் தீர்மானிக்கின்றன. அதனால் வானிலை எப்படிப் போனாலும் ஆயிரம் மணி எடை அதிகம் ஆடாது. நாலு எண்ணில் மரபுக்கு மிகவும் கட்டுப்பட்டது அதுதான், தேர்வுக்கு மிகவும் இளகுவது. தூர்தான் மண்ணுக்கும் உரத்துக்கும் ஏற்ப அதிகம் ஆடுவது.

காசுக் கணக்கும் பார். அரிசியின் நீளம் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கோ மேலோ இருந்தால் சன்ன ரகம். 2025 செப்டம்பரில் கொள்முதல் நிலையத்தில் குவிண்டாலுக்குச் சன்னத்துக்கு 2,545, பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் ஆனது. 45 ரூபாய் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. குண்டு ரகம் ஏக்கருக்கு ஒரு மூட்டை கூடுதலாக வந்தாலே அதை மூடிவிடும். கொள்முதல் நிலையத்தில் போடுவதானால் அப்பா பக்கம் நியாயம். வியாபாரிக்குக் கொடுப்பதானால் சன்னத்துக்குக் கிடைக்கும் விலை வேறு, அப்போது நீ ஜெயிப்பாய். நிலையத்தில் பதினேழு சதவீத ஈரத்துக்குள் காயவைக்கும் பாடு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அரசலாறு | 9.9.2025

குண்டு ரகம்னா இட்லி நல்லா வரும். அதையும் குறியீட்டுல சேர்த்துக்குங்க.

அடப்பாறு | 23.9.2025

தாளடிக்கு (குறுவைக்கு அப்புறம் நடுற ரெண்டாம் போகம்) எங்கிட்ட சிஆர் 1009 விதை மூணு மூட்டை கிடக்கு. இந்த வாரம் நாத்து விடலாமா? நாள் கூடுன ரகம், விளைச்சல் கூடும்னு ஊர்ல சொல்றாங்க.

குடமுருட்டி | 24.9.2025

வேண்டாம். நாளை 25-ஆம் தேதி விட்டால் 155 நாள் பிப்ரவரி 27-இல் முடியும். மேட்டூர் ஜனவரி 28-இல் மூடும். கடைமடையில் அதற்கு முன்பே வாய்க்கால் வறண்டுவிடும். உன் பயிர் பூத்துக் கதிர் தலையெடுக்கும்போது தண்ணீர் நிற்கும். 130 நாள் டிகேஎம் 13 விட்டால் பிப்ரவரி 2. கடைசிப் பத்துப் பன்னிரண்டு நாள் தண்ணீர் வடிக்கவேண்டியதுதான், ஆகவே அணை மூடினாலும் தப்பிக்கும். ஏடிடி 39-உம் ஏறக்குறைய அந்தக் கணக்கில் வரும். வேளாண்மை விரிவாக்க மையத்தில் இரண்டில் எது இருக்கிறது என்று நாளைக்கே கேள். சான்று அட்டையில் முளைப்புப் பரிசோதனைத் தேதியைப் பார்த்து வாங்கு. சிஆர் 1009 மூட்டையை அரைக்கக் கொடுத்துவிடு, அடுத்த ஆவணி வரை வைத்தால் முளைப்பு போய்விடும்.